ஓஎஸ் மறுபடி போட்டா சரியாயிடுமா, அண்ணா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

ஸ்ரீரங்கத்துல ஃபைனல் இயர் படிக்கிற தம்பி ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். அப்படியே சொல்றேன்:

"அண்ணா, எங்க அக்காவுக்கு ப்ளஸ் டூல கவர்மென்ட் குடுத்த லேப்டாப் இது. இப்ப நான்தான் வச்சிருக்கேன். ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும், கடையில குடுத்து விண்டோஸ் 11 போட்டோம். இப்ப ஆன் ஆகவே பத்து நிமிஷம் ஆகுது. வைஃபை திடீர் திடீர்னு காணாம போகுது. அப்டேட்டும் வரல. கடையில கேட்டா, ஃபார்மட் பண்ணி ஓஎஸ் மறுபடி போட்டுடலாம், ஐநூறு ரூபாங்கிறாங்க. போட்டா சரியாயிடுமா? ப்ராஜெக்ட் ஃபுல்லா இதுலதான் இருக்கு. எங்க தாத்தா பேசின ரெக்கார்டிங்கும் இதுல மட்டும்தான் இருக்கு."

கடைசி வரியைக் கேட்டதும் நான் அனுப்பின பதில் ஒரே ஒரு வாக்கியம்தான்: "இன்னிக்கு யாரையும் எதையும் ஃபார்மட் பண்ண விடாதீங்க." மீதியை இந்த எபிசோட்ல பேசலாம். ஏன்னா இதே லேப்டாப், இதே கதை, தமிழ்நாடு முழுக்க வீட்டுக்கு வீடு இருக்கு.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னிக்குத் திருவள்ளூர் மாவட்டம் காக்களூர்ல ஜெயலலிதா இந்த இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வச்சாங்க. அப்போ அவங்க முதல்வர் மட்டும் இல்ல, நம்ம ஸ்ரீரங்கம் தொகுதி எம்எல்ஏவும் கூட. முதல் வருஷத்துக்கு மட்டும் 9.12 லட்சம் லேப்டாப்புன்னு இலக்கு வச்சாங்க. டெண்டர் விட்டு வாங்கினது எல்காட். எல்காட்னா திருச்சிக்காரங்களுக்கு நாவல்பட்டு ஐடி பார்க்தான் ஞாபகம் வரும். ரெண்டும் ஒரே நிறுவனம்தான்.

அந்த லேப்டாப்கள்ல ஒரு விசேஷம் உண்டு. ரெண்டு ஓஎஸ் இருக்கும். ஒண்ணு விண்டோஸ். இன்னொண்ணு பாஸ் லினக்ஸ், சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையா வச்சு உருவாக்கினது. ஆன் பண்ணினா எதுக்குள்ள போகணும்னு ஒரு மெனு கேட்கும். நம்ம பசங்க பெரும்பாலும் விண்டோஸை அழுத்திட்டுப் போயிடுவாங்க. அந்த மெனு ஏன் முக்கியம்னு கொஞ்ச நேரத்துல சொல்றேன்.

இப்போ "அன்அஃபிஷியல்"ங்கிற வார்த்தையைச் சரி பண்ணிக்கலாம். 2021 அக்டோபர் 5 அன்னிக்கு விண்டோஸ் 11 வந்தப்போ மைக்ரோசாஃப்ட் ஒரு வேலி போட்டுச்சு. இன்டெல்னா எட்டாவது தலைமுறை, ஏஎம்டின்னா சுமாரா ரைசன் 2000 வரிசை, அதுக்கு மேலதான் அனுமதி. கூடவே டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப், செக்யூர் பூட், 4 ஜிபி ராம். 2019 வாக்குல மாணவர்கள் கைக்கு வந்த லெனோவோ இ41-25 மாதிரி மாடல்கள்ல இருந்தது ஏஎம்டி ஏ4 வகை ப்ராசஸர். அது இந்தப் பட்டியல்லயே கிடையாது. அதாவது, முறைப்படி அந்த லேப்டாப்போட கடைசி விண்டோஸ் 10தான். அந்த விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓட பொதுவான சப்போர்ட் முடிஞ்சுபோச்சு.

வேலியைத் தாண்டறது ரொம்பச் சுலபம். ரூஃபஸ்னு ஒரு இலவச மென்பொருள்ல பென்டிரைவ் தயார் பண்ணும்போது ஒரு டிக் போட்டா டிபிஎம், செக்யூர் பூட் சோதனை எல்லாம் போயிடும். ஏற்கெனவே விண்டோஸ் இருந்தா ரெஜிஸ்ட்ரியில ஒரு வரி போதும். கடையில பண்ணினதும் இதுதான். இது திருட்டு விண்டோஸ் இல்ல, அதைக் குழப்பிக்காதீங்க. ஒரிஜினல் லைசென்ஸோடயே இப்படிப் போடலாம். என்ன, ஏதாவது ஆச்சுன்னா "நாங்கதான் அப்பவே சொன்னோமே"ன்னு மைக்ரோசாஃப்ட் ஒதுங்கிக்கும். அப்டேட் வரும்னு உத்தரவாதம் இல்லைன்னு அவங்க எழுத்துலயே போட்டிருக்காங்க. ஆக, இந்த லேப்டாப்புக்கு சர்வீஸ் இன்ஜினியர் நீங்கதான்.

சரி, எங்கேருந்து ஆரம்பிக்கறது? ஸ்ரீரங்கத்துல ஒருத்தர் போன் பண்ணி "கோயில் வாசல்ல நிக்கிறேன்"னு சொன்னா நாம என்ன கேட்போம்? எந்த வாசல்? ராஜகோபுரமா, ரங்கா ரங்கா கோபுரமா, வடக்கு வாசலா? அது தெரியாம அவரைத் தேடிப் போக முடியாது. "லேப்டாப் ஒர்க் ஆகல"ங்கிறதும் அதே மாதிரிதான். பவர் பட்டனை அழுத்தினதும் முதல்ல எழுந்திருக்கிறது மதர்போர்டுல இருக்கிற பயோஸ். அது டிஸ்க்ல இருக்கிற பூட்லோடரைத் தேடும். பூட்லோடர் ஓஎஸ்ஸோட கெர்னலை ஏத்தும். கெர்னல் டிரைவர்களை ஏத்தும். கடைசியாத்தான் உங்க டெஸ்க்டாப். எந்த வாசல்ல நின்னுபோச்சுன்னு பார்த்தா பாதி விடை கிடைச்சுடும். கம்பெனி லோகோவே வரலைன்னா அதுக்கு விண்டோஸ் காரணமே இல்ல. லோகோ வந்து, கறுப்புத் திரையில வெள்ளை எழுத்து வந்தா பூட்லோடர். டெஸ்க்டாப் வரைக்கும் வந்து, அதுக்கப்புறம் தகராறுன்னா டிரைவரோ, டிஸ்க்கோ, மேல ஓடுற ஏதாவது ஒரு ஆப்போ.

கறுப்புத் திரைன்னு சொன்னதும் நிறையப் பேருக்கு ஒரு வார்த்தை ஞாபகம் வந்திருக்கும்: "க்ரப் ரெஸ்க்யூ". கவர்மென்ட் லேப்டாப் வச்சிருந்த ஒரு தலைமுறையே இதைப் பார்த்துப் பயந்திருக்கு. நான் சொன்ன அந்த மெனு, அதோட பேர்தான் க்ரப். அது லினக்ஸோட பூட்லோடர். அதோட சின்னத் தலை டிஸ்க்கின் ஆரம்பத்துல இருக்கும். உடம்பு முழுக்க பாஸ் லினக்ஸ் பார்டிஷனுக்குள்ள இருக்கும். நம்ம ஆள் என்ன பண்ணுவார்? "இந்த லினக்ஸ் எதுக்கு, இடத்தை அடைச்சுக்கிட்டு"ன்னு விண்டோஸுக்குள்ள போய் அந்தப் பார்டிஷனை டெலீட் பண்ணிடுவார். அடுத்த தடவை ஆன் பண்ணும்போது தலை இருக்கும், உடம்பு இருக்காது. "அப்படி ஒரு பார்டிஷன் இல்லை"ன்னு சொல்லிட்டு நின்னுடும். விண்டோஸ் பத்திரமா உள்ளேயேதான் இருக்கும். அதுக்கு வழி காட்டத்தான் ஆள் இல்ல.

இதுக்குப் போய் ஃபார்மட் பண்ணி, எத்தனை பேர் மொத்த போட்டோவையும் தொலைச்சாங்களோ. பழைய பயோஸ் முறை லேப்டாப்புன்னா விண்டோஸ் பென்டிரைவ்ல பூட் பண்ணி, ரிப்பேர் பகுதியில கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, பூட்ரெக் கமாண்டை ஃபிக்ஸ்எம்பிஆர் ஆப்ஷனோட ஓட்டினா போதும். யூஇஎஃப்ஐ முறைன்னா அதுவும் பெரும்பாலும் வேண்டாம். பூட் மெனுவுல "விண்டோஸ் பூட் மேனேஜர்"ங்கிறதை மேல ஏத்திட்டா முடிஞ்சுது. உங்களோடது எந்த முறைன்னு தெரிஞ்சுக்க, விண்டோஸ் ஓடும்போது எம்எஸ்இன்ஃபோ32-ன்னு தேடிப் பாருங்க. "பயோஸ் மோட்"னு ஒரு வரி இருக்கும். அதுல லெகசியா யூஇஎஃப்ஐயான்னு போட்டிருக்கும். லேப்டாப் நல்லா இருக்கும்போதே இதைப் பார்த்து எழுதி வச்சுக்கங்க.

தம்பி லேப்டாப்புக்கு வருவோம். அது டெஸ்க்டாப் வரைக்கும் வருது. அதனால பயோஸையும் பூட்லோடரையும் விட்டுடலாம். அவர் சொன்னது மூணு தொல்லை: ஸ்லோ, வைஃபை, அப்டேட். கடைக்காரர் மூணையும் ஒரே பையில போட்டு "ஓஎஸ் போயிடுச்சு"ன்னுட்டார். பார்த்தா மூணுக்கும் மூணு தனித்தனிக் காரணம்.

முதல்ல அந்தப் பத்து நிமிஷம். 4 ஜிபி ராம், சுத்துற ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 11. இது எப்படியும் மெதுவாத்தான் இருக்கும், ரெண்டு மூணு நிமிஷம் ஆகலாம். ஆனா "முன்னாடி இப்படி இல்ல, ரெண்டு மாசமாத்தான்"னு அவர் சொன்னார். திடீர்னு வர்ற மந்தம் எனக்குப் பிடிக்காத அறிகுறி. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு இலவச டூல் இருக்கு. ஹார்ட் டிஸ்க் தன்னோட உடல்நிலையைத் தானே குறிச்சு வச்சுக்கும், அதுக்கு ஸ்மார்ட்னு பேர். இந்த டூல் அதைப் படிச்சுக் காட்டும். பார்க்க வேண்டியது மூணே வரி: 05, சி5, சி6. 05-ங்கிறது கெட்டுப்போய் மாத்தி ஒதுக்கின செக்டர்கள். சி5-ங்கிறது படிக்கத் திணறி, "இது தேறுமா"ன்னு காத்திருக்கிற செக்டர்கள். சி6, திருத்தவே முடியாதவை. மூணும் பூஜ்ஜியமா இருந்தா நல்ல செய்தி. தம்பி அனுப்பின ஸ்க்ரீன்ஷாட்ல மஞ்சள் கட்டத்துல "காஷன்"னு இருந்தது. சி5 பூஜ்ஜியம் இல்ல. (அந்த எண்கள் வழக்கமா ஹெக்ஸ்ல வரும், 10-னு இருந்தா 16-னு அர்த்தம். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.)

ஆக, அந்தப் பத்து நிமிஷத்துல பெரும்பகுதி, டிஸ்க் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயற்சி பண்ணிட்டு இருந்த நேரம். ஏழு வருஷம் ஓடின டிஸ்க், பையில போட்டு பஸ்ல இடிச்சுக்கிட்டுப் போயிட்டு வந்த டிஸ்க், அது களைச்சுப் போறதுல ஆச்சரியம் இல்ல. ஆனா யோசிச்சுப் பாருங்க. இந்த நிலைமையில ஃபார்மட் பண்ணி ஓஎஸ் போட்டிருந்தா? தாத்தா குரல் இருந்த இடத்து மேலயே புது விண்டோஸ் எழுதப்பட்டிருக்கும். மூச்சு வாங்குற டிஸ்க்குக்கு பல ஜிபி எழுதற வேலையும் குடுத்திருப்போம். ரெண்டு வாரம் வேகமா இருந்துட்டு மறுபடி அதே கதை வந்திருக்கும். அப்பவும் பழி விண்டோஸ் 11 மேலதான் விழுந்திருக்கும்.

அதனால முதல் வேலை காப்பி. முக்கியமானதை முதல்ல: ரெக்கார்டிங், அப்புறம் ப்ராஜெக்ட், அப்புறம் மத்ததெல்லாம். விண்டோஸ்லயே காப்பி பண்ணும்போது தொங்கினா, லினக்ஸ் லைவ் பென்டிரைவ்ல பூட் பண்ணி அங்கிருந்து எடுங்க. அது எதையும் இன்ஸ்டால் பண்ணாது, டிஸ்க்ல எழுதாது. அதுலயும் திணறினா டிடிரெஸ்க்யூன்னு ஒரு டூல் இருக்கு. நல்ல பகுதிகளை முதல்ல அள்ளிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியா திரும்பி வரும். டிஸ்க்லேர்ந்து டக் டக்னு சத்தம் வந்தா மட்டும் எல்லாத்தையும் நிறுத்திட்டு ஆஃப் பண்ணிடுங்க. அதுக்கப்புறம் டேட்டா ரெகவரி ஆளுங்க வேலை. தம்பிக்கு அந்த நிலைமை வரல. ஒரு ராத்திரி ஆச்சு, எல்லாம் வெளிய வந்துடுச்சு. ரெக்கார்டிங்கை அன்னிக்கே அக்கா போனுக்கும் அனுப்பச் சொன்னேன்.

அந்த லைவ் பென்டிரைவுக்கு இன்னொரு பயன் இருக்கு. வைஃபை காணாமப் போறதுக்கு கார்டு காரணமா, விண்டோஸ் காரணமா? லைவ் லினக்ஸ்ல ரெண்டு மணி நேரம் வைஃபை ஓட விட்டுப் பாருங்க. அங்கேயும் அறுந்தா கார்டோ ஆன்டெனா ஒயரோ. அங்கே நல்லா ஓடினா விண்டோஸ் டிரைவர்தான் சந்தேகம். ஒரு நேரத்துல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்திப் பார்க்கிறதுதான் இதுல இருக்கிற ஒரே வித்தை. நம்மாளுங்க டிரைவர், ஆன்டிவைரஸ், ரவுட்டர் மூணையும் ஒரே நாள்ல மாத்திட்டு, எதனால சரியாச்சுன்னு தெரியாம உட்கார்ந்திருப்பாங்க.

தம்பிக்கு லினக்ஸ்ல வைஃபை அறுக்கவே இல்ல. அப்போ டிரைவர். டிவைஸ் மேனேஜர்ல வைஃபை கார்டோட ப்ராப்பர்ட்டீஸ், அதுல டீடெயில்ஸ், அதுல ஹார்ட்வேர் ஐடி. அங்கே ரெண்டு குறியீடு இருக்கும்: வென்டர், டிவைஸ். வென்டர் 8086-னு இருந்தா இன்டெல் (அவங்களோட பழைய சிப் பேர்தான், குறும்பு). 1002 ஏஎம்டி, 10இசி ரியல்டெக், 168சி குவால்காம் ஏதராஸ். இந்தக் குறியீட்டை வச்சு லேப்டாப் கம்பெனியோட சப்போர்ட் பக்கத்துல உங்க மாடலுக்கான விண்டோஸ் 10 டிரைவரை எடுங்க. விண்டோஸ் 11-க்குன்னு தனியா இருக்காது, அவங்கதான் அதை அங்கீகரிக்கவே இல்லையே. பரவாயில்ல, 64 பிட் விண்டோஸ் 10 டிரைவர் பெரும்பாலும் 11-லயும் ஓடும். கூகுள்ல முதல்ல வர்ற "டிரைவர் அப்டேட்டர்" ஆப் பக்கம் மட்டும் போகாதீங்க. இவருக்குப் பொதுவான டிரைவர் ஒண்ணு உட்கார்ந்திருந்தது. பவர் மேனேஜ்மென்ட்ல "மின்சாரம் மிச்சம் பண்ண இந்தக் கருவியை அணைக்கலாம்"ங்கிற டிக்கும் இருந்தது. டிக்கை மட்டும் முதல்ல எடுத்தோம், குறைஞ்சது, நிக்கல. அப்புறம் டிரைவரை மாத்தினோம், நின்னுடுச்சு.

மூணாவது, அப்டேட். எனக்கு இதுதான் பெரிய கவலை, ஏன்னா இது வலிக்காது. வின்வர்னு டைப் பண்ணிப் பார்த்தா அவரோடது 23ஹெச்2. விண்டோஸ் 11-க்கு வருஷத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வரும். ஹோம், ப்ரோ எடிஷன்களுக்கு ஒவ்வொரு பதிப்புக்கும் ரெண்டு வருஷம்தான் ஆயுள். 23ஹெச்2-வுக்கு 2025 நவம்பர் 11-ஓட முடிஞ்சுது. தகுதியான லேப்டாப்புன்னா அடுத்த பதிப்பு தானா வந்து நிக்கும். வேலி தாண்டின லேப்டாப்புக்கு அந்தப் பெரிய பதிப்பு பொதுவா தானா வராது. மாசாமாசம் வர்ற சின்னப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் வந்துட்டே இருக்கும், அதனால எல்லாம் ஒழுங்கா இருக்கிற மாதிரியே தோணும். ஒரு நாள் அதுவும் நின்னுடும். திரையில அதே விண்டோஸ் 11தான் தெரியும். அடியில ஓட்டைகளை அடைக்க ஆள் கிடையாது. அதே லேப்டாப்ல நீங்க பேங்க் பாஸ்வேர்டு அடிச்சுட்டு இருப்பீங்க.

தீர்வு, அடுத்த பதிப்பை நீங்களே கையால ஏத்தறது: மைக்ரோசாஃப்ட் தளத்துலேர்ந்து நேரா எடுத்த ஐஎஸ்ஓ, ஃபைல் எதுவும் அழியாத அப்கிரேட் முறை. 24ஹெச்2-வுக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும், 25ஹெச்2-வுக்கு 2027 அக்டோபர் 12 வரைக்கும் ஆயுள். அதுக்கப்புறம் மறுபடி இதே வேலை. ரொம்பப் பழைய கோர் 2 டுவோ காலத்து மெஷின்னா 24ஹெச்2 பூட்டே ஆகாது. ப்ராசஸர்ல இருக்க வேண்டிய பாப்கவுன்ட், எஸ்எஸ்இ 4.2-ங்கிற கட்டளைகள் அதுல முழுசா கிடையாது. இதுக்கு ரெஜிஸ்ட்ரி வித்தை எதுவும் செல்லாது.

இதைத் தொடங்கறதுக்கு முன்னாடி இன்னும் ஒரு விஷயம், நம்ம ஊருக்கே உரியது: மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. பேட்டரி செத்த லேப்டாப்ல அப்கிரேட் ஓடிட்டு இருக்கும்போது கரன்ட் போச்சுன்னா, அப்புறம் நான் முதல்ல சொன்ன வாசல் எல்லாத்தையும் நீங்க சுத்திப் பார்க்க வேண்டியதுதான்.

அடுத்து, பயோஸுக்குள்ள போய் செக்யூர் பூட்டையோ டிபிஎம்மையோ மாத்தப் போறவங்களுக்கு: அதுக்கு முன்னாடி செட்டிங்ஸ்ல "டிவைஸ் என்க்ரிப்ஷன்" ஆன்ல இருக்கான்னு பாருங்க. டிபிஎம் இருக்கிற மெஷின்ல, மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோட புதுசா 24ஹெச்2 போட்டா அது கேட்காமலே ஆன் ஆகலாம். அப்புறம் பயோஸ்ல ஒரு சுவிட்சை மாத்தினதும் நீலத் திரையில 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருக்கும். கடைக்காரர் அவரோட மெயில் ஐடியைப் போட்டு லாகின் பண்ணியிருந்தா, அவர் அக்கவுன்ட்ல இருக்கும்! கீ இல்லைன்னா டேட்டா இல்ல, எந்த ரெகவரி ஆளாலயும் முடியாது.

கடைக்காரர்னு சொன்னதும் இன்னொண்ணு. விண்டோஸ் செக்யூரிட்டிக்குள்ள, வைரஸ் பாதுகாப்பு செட்டிங்ஸ்ல, எக்ஸ்க்ளூஷன்ஸ்னு ஒரு பட்டியல் இருக்கும். அது காலியா இருக்கணும். அங்கே ஏதாவது ஃபோல்டர் இருந்தா, யாரோ ஆக்டிவேட்டர் ஓட்டியிருக்காங்க, அதைக் கண்டுக்காதேன்னு டிஃபென்டருக்குச் சொல்லி வச்சிருக்காங்கன்னு சந்தேகப்படுங்க. தம்பியோடதுல ரெண்டு இருந்தது. அரசு குடுத்தப்போ லைசென்ஸோட வந்த லேப்டாப்புக்கு கிராக் போட்டிருக்காங்க, வேற எடிஷனை ஏத்தினதால! மெஷினோட வந்த அதே எடிஷனைப் போட்டிருந்தா தானா ஆக்டிவேட் ஆக நல்ல வாய்ப்பு இருந்தது. இந்த ஒரு காரணத்துக்காகத்தான் நானும் கடைசியில "ஓஎஸ் மறுபடி போடுங்க"ன்னு சொன்னேன். ஆனா பழைய டிஸ்க்ல இல்ல. புதுசா ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டியில.

எந்த ஓஎஸ்ங்கிறதுல எனக்கும் அவருக்கும் சின்ன வாக்குவாதம். 4 ஜிபி ராம்ல விண்டோஸ் 11-ஐ ஓட்டறதை விட லினக்ஸ் மின்ட்டோட எக்ஸ்எஃப்சிஇ பதிப்போ, ஏன், அந்த லேப்டாப்ல ஆரம்பத்துலயே இருந்த பாஸ் லினக்ஸோட புதுப் பதிப்போ போடுங்கன்னேன். யாரும் வேலி போடாத ஓஎஸ், நாமும் எதையும் தாண்ட வேண்டாம். "அண்ணா, அக்கா டேலி கத்துக்கிறா, அது விண்டோஸ்லதான் ஓடும்"னார். அதுக்கு மேல என்ன பேச? எஸ்எஸ்டியில 60 ஜிபி ஒதுக்கி மின்ட், மீதியில விண்டோஸ் 25ஹெச்2, அதே பழைய எடிஷன். ஆன் பண்ணினா மறுபடியும் அந்த க்ரப் மெனு வருது. லினக்ஸ் பார்டிஷனை அழிக்கணும்னா முதல்ல பூட் மெனுவுல விண்டோஸை மேல ஏத்திட்டு அப்புறம் அழிக்கணும்னு ஒரு பேப்பர்ல எழுதி, லேப்டாப் பையிலயே வைக்கச் சொல்லியிருக்கேன்.

உங்க லேப்டாப் கேள்வியையும் வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அனுப்பும்போது வின்வர்ல என்ன வருது, பயோஸ் மோட் எது, சி5 எவ்வளவு, இந்த மூணையும் சேர்த்துச் சொன்னீங்கன்னா அடுத்த எபிசோட்ல நேரா விஷயத்துக்குப் போயிடலாம்.